மூன்றாவது சிவப்பு அட்டை

கள்ளக்குறிச்சியில் ஆண்டாளைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவள் நடையைத் தெரியாதவர்கள் கிடையாது. இடுப்பு ஒரு பக்கம் போகும், தோள் எதிர்ப்பக்கம் போகும், முகம் மட்டும் இந்த இரண்டோடும் தனக்குச் சம்பந்தமே இல்லை என்பதுபோல நேரே பார்த்துக்கொண்டு வரும். முதல் தடவை பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். இரண்டாம் தடவை பார்க்கிறவர்கள் கூடவே இன்னொருத்தரை அழைத்துவந்து, காட்டிச் சிரிப்பார்கள். இதற்கெல்லாம் மனம் நோகிற ஆளாக இருந்திருந்தால் அவள் பதினாறு வயதிலேயே முக்காடு போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பாள். ஆண்டாளோ சிரிக்கிறவர்களை எண்ணிக்கொண்டு போவாள். கூட்டம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள அது ஒரு வழி.

அந்த நடை அவளாக வரவழைத்துக்கொண்டது இல்லை. எலவனாசூர்கோட்டைக்குப் பக்கத்தில் குத்தகைக்குப் பயிர் வைக்கிற குடும்பம். பள்ளிக்கூடத்துக்கு நாலு கிலோமீட்டர் நடக்க வேண்டும். மாவட்டப் போட்டிக்கு டிரில் மாஸ்டர் நிரப்பி அனுப்பிய பாரத்தில் பெண்கள் நடைப் போட்டிக்கு நேரே மட்டும் கோடு காலியாக இருந்தது. ஓட்டத்துக்கு ஆள் இருந்தது, தாண்டுவதற்கு ஆள் இருந்தது, எறிவதற்கு ஏகப்பட்ட ஆள் இருந்தது. "தெனம் நடந்துதானே வர்ற, அங்க வந்தும் நட" என்று அவர் ஆண்டாள் பேரை எழுதிவிட்டார்.

கடலூரில் அந்தப் போட்டிக்கு வந்திருந்தவர்கள் மொத்தம் இரண்டு பேர். இன்னொரு பெண்ணுக்குப் பாதி வழியில் கால் பிடித்துக்கொண்டது. ஆண்டாள் தங்கப் பதக்கத்தோடு வீட்டுக்கு வந்தாள். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு குடுத்தாங்க?"

"நடந்ததுக்கு."

"நடந்ததுக்கா? அப்ப எனக்கு இவ்ளோ நாளைக்கு எத்தினி குடுக்கணும்!"

நடைப் போட்டி என்பது விநோதமான ஏற்பாடு. எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் போகலாம், ஆனால் ஓடக் கூடாது. எந்நேரமும் ஒரு கால் தரையில் இருந்தாக வேண்டும். இரண்டு காலும் சேர்ந்து தரையை விட்டு எழும்பிவிடுகிறதா என்று பார்ப்பதற்கென்றே வழியெல்லாம் நடுவர்கள் நிற்பார்கள். முதலில் எச்சரிப்பார்கள். கேட்காவிட்டால் சிவப்புச் சீட்டு எழுதுவார்கள். மூன்று நடுவர்கள் எழுதிவிட்டால் முடிந்தது, ஓரமாக வந்துவிட வேண்டியதுதான்.

திருச்சியில் நடந்த மாநிலப் போட்டியில் ஆண்டாள் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தாள். கடைசிச் சுற்று. முன்னால் போகிறவளின் முதுகு கைக்கு எட்டுகிற தூரத்தில் தெரிந்ததும் ஆசை வந்துவிட்டது. மூன்றாவது சிவப்பு அந்த ஆசைக்குக் கிடைத்தது. டிரில் மாஸ்டர் நடுவரிடம் போய், "கண்ணு தெரியலையா உங்களுக்கு?" என்று சண்டைக்கு நின்றார். ஆண்டாள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"வாங்க சார். தூக்கிடுச்சு சார். என் காலு எனக்குத் தெரியாதா?"

ஊர் திரும்புகிற பஸ்ஸில் உளுந்தூர்பேட்டை வரைக்கும் அவர் அவளோடு பேசவில்லை.

விளையாட்டில் வேலை வரும் என்று சொன்னார்கள். வேலை வரவில்லை, மாப்பிள்ளை வந்தார். பொன்னுரங்கத்துக்குக் கல்வராயன் மலை அடிவாரத்தில், கச்சிராயபாளையத்தில் சின்னதாக ஒரு அரவை மில். முதல் பத்து வருடம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு பெரிய பெரிய ரைஸ் மில்கள் வந்தன. இரண்டாயிரத்து ஏழில் பொன்னுரங்கம் காலையில் மில்லைத் திறந்து, பேப்பர் படித்து, மத்தியானம் பூட்டிவிட்டு வருவார். பேப்பர் படிக்க எதற்கு அத்தனை பெரிய கட்டடம் என்று ஆண்டாள் கேட்டாள். அவர் அதற்கும் பேப்பரை மடிக்கவில்லை.

அந்த வருடம் சொந்தக்காரர்களுக்கு அருவி காட்டுவதற்காகக் கரியாலூர் போனார்கள். சொந்தக்காரர்கள் அருவியில் குளித்தார்கள். ஆண்டாளுக்குக் குளியலில் ஆர்வம் இல்லை, மேட்டில் ஏறி நடந்துகொண்டிருந்தாள். ஒரு வீட்டு வாசலில் இருந்த பெண்மணி, "எங்க போற இப்பிடி ஆட்டிக்கினு?" என்று கேட்டுச் சிரித்து, உள்ளே கூப்பிட்டு, சாமைச் சோறும் கீரைக் கடைசலும் போட்டாள். அவள்தான் காசியம்மாள். ஆண்டாளைவிடப் பத்து வயது மூத்தவள். அவளும் புருஷன் வேடியப்பனும் இரண்டு ஏக்கர் மேட்டு நிலத்தில் சாமை போடுகிறவர்கள். போட்டு என்ன, வாங்க ஆள் இல்லை. மரவள்ளிக்குத்தான் கீழிருந்து தரகர் லாரியோடு வருகிறார்.

"இன்னும் ஒரு வருசம் பாப்போம்னு எட்டு வூட்டுக்காரங்க பேசி வெச்சிருக்கோம். அப்பால நாங்களும் மரவள்ளிக் குச்சி நட்டுட வேண்டிதான்" என்றாள் காசியம்மாள்.

ஆண்டாள் இரண்டாம் தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வயிறு நிறைந்திருக்கிற நேரத்தில் மனிதர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுகிறார்கள்.

"எட்டு வூட்டு சாமையும் நான் எடுத்துக்கறேன். வருசா வருசம். நீங்க குச்சி நடாதீங்க."

பொன்னுரங்கத்துக்கு இது மலையிறங்குகிற பேருந்தில் வரும்போதுதான் தெரிந்தது. மலைப்பாதை வளைவுகளில் அவருக்கு எப்போதும் தலை சுற்றும், அன்றைக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாகச் சுற்றியது.

மில்லில் சாமையைத் தோல் நீக்கி, கல் பிரிக்கிற மெஷினில் இரண்டு தடவை விட்டு, சலித்து, முறத்தில் புடைத்துப் பொட்டலம் போட்டு ஆண்டாள் கள்ளக்குறிச்சிக் கடைகளுக்கு எடுத்துப் போனாள். முதல் கடைக்காரர், "கோழிக்கா?" என்று கேட்டார். அடுத்தவர், "இதத் தின்னக் கூடாதுன்னுதானே எங்க தாத்தா மலைய விட்டு எறங்கி வந்தாரு" என்றார். ஆண்டாள் சரிங்க என்று சொல்லிவிட்டு வந்தாள். அடுத்த செவ்வாய்க்கிழமை அதே கடைகளுக்கு அதே நேரத்துக்குப் போனாள். அதற்கு அடுத்த செவ்வாயும். மைதானத்தில் ஒரு சுற்று முடிந்தால் அடுத்த சுற்று, இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது? பதினோராவது செவ்வாய்க்கிழமை முதல் கடைக்காரர், "இந்தாம்மா, அஞ்சு பொட்டலம் வெச்சிட்டுப் போ, உன்னைப் பாத்தாலே எனக்குக் கால் வலிக்குது" என்றார்.

ஐந்து பொட்டலத்தில் எட்டு வீட்டுச் சாமை தீராது. அப்போதுதான் அவளுக்குக் காலையில் பள்ளி மைதானத்தில் நடக்கிற கூட்டம் ஞாபகம் வந்தது. சர்க்கரை உள்ளவர்கள், பிரஷர் உள்ளவர்கள், இரண்டும் வந்துவிடுமோ என்று பயந்தவர்கள். சாமை விற்க இதைவிட நல்ல இடம் ஏது? எவர்சில்வர் டிரம்மில் சூடாகச் சாமைக் கஞ்சியோடு போய், ஓர் ஓரத்தில் வைத்தாள். சும்மா நிற்பானேன், கூடவே நடந்தால் நாலு வார்த்தை பேசலாமே என்று நினைத்தாள். நினைப்பு சரிதான். நடந்ததுதான் தப்பாகப் போயிற்று.

அந்த மைதானத்தில் நாராயணசாமி என்று ஒருவர் உண்டு. தாலுகா ஆபீசில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் ஆறு சுற்று. அவரை யாரும் முந்த மாட்டார்கள். முந்தக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை, ஆனால் பட்டா, சிட்டா என்று அவர் முன்னால் நின்று பழகிய ஊர், பின்னாலேயே நடந்துகொண்டிருந்தது. ஆண்டாள் முதல் நாளே அவரை மூன்று தடவை முந்தினாள். ஒவ்வொரு தடவையும், "வணக்கம் சார், சாமைக் கஞ்சி சார்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத்தான் முந்தினாள். மூன்றாவது வணக்கத்தில் அவர் வேகத்தைக் கூட்டிப் பார்த்து, மூச்சு வாங்கி, ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் மொத்தமும் அவரைச் சுற்றி நின்று விசிறியது. கஞ்சி பக்கம் ஒருத்தரும் திரும்பவில்லை.

ஒரு வாரம் டிரம் நிறைந்தபடியே வீட்டுக்குத் திரும்பியது. பொன்னுரங்கம்தான் குடித்தார்.

"சக்கரை எறங்கும் எறங்கும்னு சொல்றியே, எனக்கு இல்லாத சக்கரை எங்கேந்து எறங்கும்?"

ஆண்டாளுக்குப் போட்டி முடிந்ததும் ஒவ்வொரு சுற்றாக மனசுக்குள் நடந்து பார்க்கிற பழக்கம் இருந்தது. அன்றும் அப்படி நடந்து பார்த்தாள். ஆளைப் பார்த்ததும் முந்தத் தோன்றியது காலின் குணம், கால்மேல் தப்பில்லை. ஆனால் அவள் அங்கே போனது ஜெயிப்பதற்கு இல்லை, விற்பதற்கு. மறுநாள் நாராயணசாமிக்கு அரையடி பின்னாலேயே நடந்தாள். மெதுவாக நடப்பது இவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. ராத்திரி தொடையெல்லாம் வலித்தது.

நாலாம் நாள் மெல்லச் சொன்னாள். "சார், குதிங்கால மொதல்ல வைங்க சார். முட்டி வலி கம்மியாவும்."

"அறுவது வருசமா நடந்துக்கினு இருக்கேன், எனக்கு நடக்கக் கத்துத் தர்றியா நீ?"

மறுநாள் அவர் யாரும் பார்க்காதபோது குதிகாலை முதலில் வைத்தார். அடுத்த வாரம் எல்லோரும் பார்க்கும்போதே வைத்தார். மாசக் கடைசியில் கஞ்சி வாங்கிக் குடித்துவிட்டு, "உப்பு கம்மி" என்றார். அவர் குடித்ததைப் பார்த்து ஊர் குடித்தது. ஆறு மாதத்தில் சர்க்கரை இறங்கிய கணக்கை அவரே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கேட்காதவர்களுக்கும் படித்துக் காட்டினார். இப்படி ஓர் ஆள் சம்பளம் இல்லாமல் எந்தக் கம்பெனிக்குக் கிடைப்பான்?

பொட்டலத்துக்குள் சிவப்பு அட்டை வைக்கிற யோசனை அதற்கப்புறம் வந்தது. சின்னச் சதுர அட்டை. 'கல் இருந்தாலோ, குறை இருந்தாலோ இந்த அட்டையைக் காட்டவும். ஒரு வருடத்தில் மூன்று வீடுகள் காட்டினால் ஆண்டாள் சாமை விற்பனை நிறுத்தப்படும்' என்று அதில் போட்டிருந்தது. அச்சகத்துக்காரர், "நிறுத்தப்படும்னேவா போடணும்?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

"கஸ்டமர் கையில நம்பளே கத்தியக் குடுத்துட்டு கழுத்தையும் காட்டுறோம்" என்றார் பொன்னுரங்கம். "ஊருல எவனாவது இப்பிடி யாவாரம் பண்ணுவானா?"

"நடுவர் இல்லன்னா எனக்குக் கால் தூக்கிடும்ங்க" என்றாள் ஆண்டாள்.

அட்டைக்காகவே சிலர் வாங்கினார்கள். சிவப்பு அட்டை காட்டுகிற வாய்ப்பு மனிதருக்கு வாழ்க்கையில் எத்தனை தடவை வரும்? சாமையைத் தட்டில் பரப்பிக் கண்ணாடி போட்டுத் தேடின குடும்பங்கள் உண்டு. நாலு வருடத்தில், ஒரு வருடத்துக்கு ஓர் அட்டைக்குமேல் திரும்பி வந்ததில்லை. மலையில் எட்டு வீடு பன்னிரண்டு வீடாயிற்று. ஆண்டாளும் பன்னிரண்டு வீட்டுச் சாமைக்கும் சரி என்று சொல்லியிருந்தாள்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில்தான் கொஞ்சம் தடுமாறியது. தை மாதம் ஒரு தலைமுடி, ஓர் அட்டை. மாசியில் ஒரு வீட்டம்மா, பொட்டலத்தில் உமி என்று அட்டையை நீட்டினாள். உமி அந்த வீட்டு முறத்திலிருந்து விழுந்தது என்பது பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்தது. ஆண்டாள் வாங்கி வைத்துக்கொண்டாள். நடுவர் தப்பாக எழுதினாலும் எழுதினது எழுதினதுதான் என்பது அவள் கட்சி. பொன்னுரங்கம் அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

அப்போது சென்னையில் ஒரு பெரிய கடையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு தடவை முடியாது என்று சொன்னவள் மூன்றாம் தடவை சரி என்றாள். பன்னிரண்டு வீட்டுச் சாமையில் பெரும்பங்கு, ஒரே கடை, ஒரே லாரி. அந்த வருடம் கரண்ட் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம் ஜாஸ்தி. லாரி வருகிற நாளுக்கு முந்தின நாள் பொன்னுரங்கம் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார். மில்லில் ஆண்டாள் தனியாக உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் வந்த கரண்ட் ஒரு மணி நேரம்தான் இருந்தது. கல் பிரிக்கிற மெஷினில் முழுச் சாமையையும் ஒரு தடவை விடத்தான் நேரம் இருந்தது. கையில் அள்ளிப் பார்த்தாள். சுத்தமாகத்தான் தெரிந்தது. பொட்டலம் போட்டுவிட்டாள். மிச்சமான பத்துப் பொட்டலத்தை மைதானத்துக்கு எடுத்துவைத்தாள்.

பங்குனி கடைசியில் ஒரு காலை. நாராயணசாமி நடக்கவில்லை. டிரம்முக்குப் பக்கத்தில் வந்து நின்றார். ஒரு கையில் கைக்குட்டை, இன்னொரு கையில் சிவப்பு அட்டை. கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினார். அவருடைய பல்செட்டு இரண்டாக இருந்தது, பக்கத்தில் மிளகு அளவில் ஒரு கல்.

பல் இல்லாமல் பேசுவது சங்கடமாக இருந்ததால் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாலு வருடமாக ஊருக்கே விளம்பரம் செய்தவருக்கு இந்த அட்டையை நீட்டுவதில் சந்தோஷம் இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் அவர் ஆயுசு முழுக்கத் தாளைப் பார்த்து வேலை செய்தவர். தாளில் எழுதியிருந்தால் அதன்படி நடக்க வேண்டும்.

அன்று டிரம் தூக்கக் கூட வந்திருந்த பொன்னுரங்கம் முன்னால் வந்தார். "சார், உங்க வூட்டுப் பருப்புல இருந்த கல்லா இருக்கும் சார். கொஞ்சம் நெனச்சுப் பாருங்க. எங்களுது ரெண்டு தடவ மெஷின்ல போவுது சார்."

நாராயணசாமி யோசித்தார். இருக்கலாம் என்று தலையாட்டவும் ஆரம்பித்துவிட்டார். ஆண்டாள் வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும், பன்னிரண்டு வீட்டுச் சாமையும் பிழைத்துவிடும்.

"இல்லீங்க சார். இது ஒரு தடவதான் போச்சு" என்றாள்.

பொன்னுரங்கம் அவளைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுதுவதற்கில்லை.

அன்றைக்கே கடைகளிலிருந்து பொட்டலங்களைத் திரும்ப எடுத்தாள். சென்னைக்குப் போன் போட்டு, விற்க வேண்டாம், திருப்பி அனுப்புங்கள் என்றாள். அந்தப் பக்கத்தில் இருந்தவர் தான் தப்பாகக் கேட்டுவிட்டதாக நினைத்து மூன்று தடவை கேட்டார். ஒரு வாரம் கழித்து நாராயணசாமி புதுப் பல்லோடு மில்லுக்கே வந்தார். கஞ்சி இல்லாமல் ஊரில் பாதிப் பேர் போண்டா பக்கம் போய்விட்டார்கள் என்றும், அட்டையை வாபஸ் வாங்கிக்கொள்வதாகவும் சொன்னார்.

"நடுவர் வாபஸ் வாங்க முடியாதுங்க சார்" என்றாள் ஆண்டாள். காப்பி மட்டும் கொடுத்து அனுப்பினாள்.

மலைக்குப் போய்ச் சொல்லுவதுதான் பாக்கி. அதை நாலு நாள் தள்ளிப்போட்டாள். திருச்சியில் ஓரமாக வந்து நின்றபோது தோற்றது அவள் ஒருத்தி. இங்கே அவளோடு சேர்ந்து பன்னிரண்டு வீடு தோற்கிறது. ஐந்தாம் நாள் பொன்னுரங்கத்திடம் சொல்லிவிட்டுக் கரியாலூர் பஸ் ஏறினாள். அவர், "திட்டினா வாங்கிக்க, பதில் பேசாத" என்று மட்டும் சொன்னார். கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

காசியம்மாள் வீட்டு வாசலில் மரவள்ளிக் குச்சிகள் கட்டுக் கட்டாகக் கிடந்தன. நடுவதற்கென்று வெட்டிய பச்சைக் குச்சி. ஆண்டாள் அதைப் பார்த்தபடி நின்றாள்.

"நேத்து எறக்கிட்டுப் போனாரு தரகரு" என்றாள் காசியம்மாள். "கீழ நீ கடைய மூடிட்டியாமே. உனக்கு முன்னாடி சேதி ஏறி வந்துடுச்சு. உள்ள வந்து குந்து."

ஆண்டாள் உட்கார்ந்து, கரண்ட் நின்றதிலிருந்து பல் உடைந்தது வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள். பரணில் இருக்கிற மீதிச் சாமையை இந்த வருடம் எடுக்க முடியாது என்றும் சொன்னாள். சொல்லும்போது தலையைத் தூக்கவில்லை.

"நீ ஒரு தடவதான் மெஷின்ல விட்டேன்னு யாரு பாத்தாங்க?"

"யாரும் பாக்கலக்கா."

"உங்க வூட்டுக்காரரு?"

"அவரும் ஊர்ல இல்ல."

"அந்தப் பெரியவரும் தன் வூட்டுக் கல்லுன்னு ஒத்துக்கற மாதிரி இருந்தாருன்ற."

"ஆமா."

"அப்பறம் இன்னாத்துக்குடி நீயா வாயத் தொறந்த?"



"நான் பாத்தேனேக்கா" என்றாள் ஆண்டாள்.

 காசியம்மாள் எழுந்து வாசலுக்குப் போனாள்.

"பைத்தியக்காரி" என்று முணுமுணுத்தாள். "தோலோட கெடக்குற சாமைக்குப் பூச்சியும் வராது, ஒண்ணும் வராது. அஞ்சு வருசம்கூட கெடக்கும். நீ மறுபடி ஆரம்பிக்கறப்ப வந்து எடுத்துக்க. எங்க மூட்டைய எடை போட வந்தவன் எவனும் தராசு தப்புன்னு தானா சொன்னதில்ல." வெளியே மாட்டைக் கட்டிக்கொண்டிருந்த புருஷனைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "யோவ், நம்ம கொல்லையில இந்த வருசமும் சாமைதான். மத்த வூட்லயும் சொல்லிட்டு வா."

வேடியப்பன், "அப்ப இந்தக் குச்சி?" என்றார்.

 காசியம்மாள் ஒரு கட்டைப் பிரித்து நாலு குச்சியை உருவி, முழங்காலில் வைத்து ஒடித்து, டீத்தண்ணி வைக்க அடுப்பில் செருகினாள். பச்சைக் குச்சி, லேசில் பிடிக்கவில்லை. வீடெல்லாம் புகை. ஆண்டாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஊதாங்குழலை வாங்கி ஊதினாள். டீ வருவதற்கு ரொம்ப நேரமாயிற்று.